இஷ்ராக் என்று நினைத்துத் தொழுத எட்டு மாதம்

காலண்டரில் சூரிய உதயம் 6.10 என்று போட்டிருந்தால் நான் 6.11-க்கு இஷ்ராக்குக்கு, அதாவது உதயத்துக்குப் பின் தொழும் உபரித் தொழுகைக்கு, தக்பீர் கட்டி ஆரம்பித்துவிடுவேன். ஃபஜ்ர் என்ற வைகறைத் தொழுகையை முடித்த இடத்திலேயே உட்கார்ந்து, திக்ரு ஓதி, நேரம் வந்ததும் எழுந்து இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்றுதான் ரக்அத்). எட்டு மாதம் ஒருநாள் விடவில்லை. அதில் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஒருநாள் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நான் ஸலாம் கொடுத்து முடிக்கும்வரை காத்திருந்து, "தம்பி, இப்ப என்ன தொழுதீங்க?" என்றார். இஷ்ராக் என்றேன். "சூரியன் இன்னும் ஏறலையே, இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். தொழவே கூடாது என்று தடுக்கப்பட்ட நேரத்தைத் தேடிப் பிடித்து, அதில் போய் நின்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. யாரிடமும் கேட்காமல், ஒரு ஆப்பையும் ஒரு காலண்டரையும் நம்பித் தனியாக ஆரம்பித்ததற்கு இது முதல் அடி. இன்னும் நாலைந்து விழுந்தன.

முதலில் தொழக்கூடாத நேரங்கள். நஃபில், அதாவது உபரித் தொழுகை, ஆரம்பிக்கிற எல்லோரும் எத்தனை ரக்அத், என்ன சூரா என்றுதான் கேட்கிறோம். எப்போது தொழக்கூடாது என்று கேட்பதில்லை. உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் மூன்று நேரங்கள் வருகின்றன: சூரியன் உதிக்க ஆரம்பித்து உயரும்வரை, நடுப்பகலில் உச்சியில் நின்று சாயும்வரை, மறையச் சாய்ந்து மறையும்வரை. இவற்றோடு இன்னும் இரண்டு: ஃபஜ்ர் தொழுத பிறகு சூரியன் உதிக்கும்வரை, அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு மறையும்வரை. ஆக ஐந்து. முதல் மூன்றும் சூரியனின் நிலையைப் பொறுத்தவை, யாருக்கும் ஒரே நேரம்தான். பின் இரண்டும் நீங்கள் பர்ளை (கடமைத் தொழுகையை) முடித்ததைப் பொறுத்தவை. அஸர் பாங்கு சொல்லியாகிவிட்டது, நீங்கள் இன்னும் பர்ளு தொழவில்லை என்றால் அதற்கு முந்திய நான்கு ரக்அத் சுன்னத்தை (நபிவழித் தொழுகையை) தொழலாம். பர்ளு முடித்துவிட்டால் கதவு சாத்தியாயிற்று. ஃபஜ்ரில் ஹனஃபிகள் இன்னும் கண்டிப்பு (ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டும் மத்ஹபுகள், அதாவது சட்ட வழிகள்). வைகறை வந்துவிட்டாலே இரண்டு ரக்அத் சுன்னத்தைத் தவிர வேறு நஃபில் கிடையாது.

உதயத்துக்குப் பிறகு எவ்வளவு காத்திருக்க வேண்டும்? சூரியன் "ஒரு ஈட்டி அளவு" உயர வேண்டும் என்பது பழைய கணக்கு. வானம் ஒரு டிகிரி நகர ஏறக்குறைய 4 நிமிடம் ஆகிறது. ஈட்டி உயரத்தை நான்கைந்து டிகிரி என்று வைத்தால் 15 முதல் 20 நிமிடம். நான் இப்போது 20 நிமிடம் விடுகிறேன். 6.10 உதயம் என்றால் 6.30. பூமத்திய ரேகையை விட்டுத் தூரம் போகப் போகச் சூரியன் நேராக ஏறாமல் சரிந்து ஏறும். குளிர்காலத்தில் அந்தச் சரிவு இன்னும் அதிகம், அதே உயரத்துக்கு வர இன்னும் நேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட ஊர்களில் இருப்பவர்கள் 20 நிமிடத்தோடு நிறுத்தாமல் கூட்டிக்கொள்வது நல்லது. ஆப்பில் வரும் "உதயம்" என்ற நேரம் தொழுகை ஆரம்பிக்கும் நேரம் இல்லை, ஃபஜ்ர் முடியும் நேரம். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருந்தால் போதும்.

மாலையிலும் இதே கணக்குதான், தலைகீழாக. மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கு முன் சூரியன் மஞ்சளாகி மங்கும் அந்தக் கடைசி 15, 20 நிமிடம் தடை. அன்றைய அஸர் தொழாமல் விட்டிருந்தால் அதை மட்டும் தொழ வேண்டும், அதற்குத் தடை இல்லை. நடுப்பகல்தான் அதிகம் பேர் ஏமாறும் இடம். உச்சி என்றால் 12 மணி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உதயத்துக்கும் மறைவுக்கும் சரி பாதி எதுவோ அதுதான் உச்சி. 6.10-க்கு உதித்து மாலை 6.30-க்கு மறைந்தால் பகல் 12 மணி 20 நிமிடம், பாதி 6 மணி 10 நிமிடம், ஆக உச்சி 12.20. அன்றைக்கு நீங்கள் 12 மணிக்கு லுஹா என்ற முற்பகல் நஃபிலைத் தொழுதால் தாராளமாகத் தொழலாம், 12.18-க்குத் தொழுதால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே ஊரிலேயே இந்த உச்சி வருடத்துக்குள் அரை மணி நேரம் அளவுக்கு முன்னும் பின்னும் நகரும். நவம்பர் ஆரம்பத்தில் சீக்கிரம் வரும், பிப்ரவரி நடுவில் தாமதமாகும். அதனால் ளுஹர் என்ற நண்பகல் தொழுகையின் ஆரம்ப நேரத்தைப் பார்த்து, அதற்கு 10 நிமிடம் முன்பே லுஹாவை முடித்துவிடுவது பாதுகாப்பு. வெள்ளிக்கிழமை உச்சி நேரத்தில் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு, ஹனஃபியில் எல்லா நாளும் ஒன்றுதான்.

அஸருக்குப் பிறகு பள்ளிக்குள் நுழைகிறவர் உட்காருவதற்கு முன் தஹிய்யத்துல் மஸ்ஜித் (பள்ளிக் காணிக்கைத் தொழுகை) தொழலாமா என்பதில் எனக்கு மாதக்கணக்கில் குழப்பம். ஒருவர் தொழு என்பார், இன்னொருவர் கையைப் பிடித்து உட்கார வைப்பார். இரண்டு பேரும் சரியே. காரணம் உள்ள தொழுகைகளை, அதாவது பள்ளிக் காணிக்கை, ஒளுவுக்குப் பின் இரண்டு ரக்அத், கழா (விட்டதைப் பின்னால் தொழுவது) போன்றவற்றை, இந்த நேரங்களிலும் ஷாஃபிஈகள் தொழுவார்கள். தொழுவதற்கென்றே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் போகக்கூடாது, அவ்வளவுதான். ஹனஃபிகளுக்கு இந்த விலக்கு இல்லை. கழா மட்டும் ஃபஜ்ர், அஸருக்குப் பின் தொழலாம், சூரியனைச் சார்ந்த அந்த மூன்று நேரத்தில் அதுவும் கூடாது. நீங்கள் எந்த மத்ஹபில் இருக்கிறீர்களோ அதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரை விட்டுவிடுங்கள். ஒரு முடிவெடுக்கும் முன் இறைவனிடம் நல்லதைக் கேட்கும் இஸ்திகாரா தொழுகையை இரண்டு தரப்பிலும் தடுக்கப்பட்ட நேரத்துக்கு வெளியே வைப்பதுதான் ஒழுங்கு. அவசரம் என்று அஸருக்குப் பின் நிற்க வேண்டாம், மஃரிப் முடிந்ததும் தொழுதுகொள்ளலாம். கனவு வருகிறதா என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஹதீஸில் இருப்பது இரண்டு ரக்அத், அதன் பின் துஆ, அவ்வளவே.

அடுத்தது தஹஜ்ஜுத், இரவில் எழுந்து தொழும் தொழுகை. உண்மையான சேதம் இங்கேதான். ரமலான் முடிந்த சூட்டோடு, தினமும் இரவு 2 மணிக்கு எழுந்து 8 ரக்அத், பின் வித்ரு என்ற ஒற்றைப்படைத் தொழுகை, பின் ஃபஜ்ர் வரை ஓதல் என்று ஆரம்பித்தேன். இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பின் தூங்கப் போவது 11.30. நாற்பது நாள் ஓடியது. கடைசிப் பத்து நாளில் ஸஜ்தாவில் தூங்கிவிடுவேன், எத்தனையாவது ரக்அத் என்று தெரியாமல் எழுந்து நிற்பேன், வேலையில் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது. நாற்பத்தொன்றாவது நாள் 2 மணி அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தவன் கண் விழித்தபோது வெயில். தஹஜ்ஜுதும் இல்லை, ஃபஜ்ரும் இல்லை. அதன் பிறகு நான்கு மாதம் தஹஜ்ஜுத் பக்கமே போகவில்லை. அலாரச் சத்தம் கேட்டாலே ஒரு வெறுப்பு.

உமர் (ரலி) ஒருநாள் ஃபஜ்ர் ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) சுலைமான் இப்னு அபீ ஹஸ்மாவைக் காணாமல், அவருடைய தாயிடம் விசாரித்தார்கள். இரவு முழுக்கத் தொழுதார், கண் அசந்துவிட்டது என்றார் தாய். இரவு முழுக்க நிற்பதைவிட ஃபஜ்ர் ஜமாஅத்தில் கலந்துகொள்வது எனக்குப் பிரியமானது என்றார்கள் உமர் (ரலி). இதைப் படித்தபோது எனக்கென்றே சொன்னது போலிருந்தது. நபி (ஸல்) அவர்கள் பள்ளியின் இரண்டு தூண்களுக்கு நடுவே கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார்கள். ஸைனப் (ரலி) தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்கான கயிறு அது. அவிழ்த்துவிடச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழுங்கள், களைத்தால் உட்காருங்கள் என்றார்கள். தூக்கம் வந்தால் படுத்துவிட வேண்டும் என்பதும் தனியாக வந்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பாவமன்னிப்புக் கேட்பதாக நினைத்துத் தன்னையே ஏசிக்கொள்ளக்கூடும் என்பது காரணம். என் கயிறு காபி. அதையும் அவிழ்த்துவிட்டேன்.

நேரக் கணக்கும் எனக்குத் தப்பாக இருந்தது. இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கு என்றால் 12 மணியிலிருந்து எண்ணுவதாக நினைத்திருந்தேன். இரவு மஃரிபில் ஆரம்பித்து ஃபஜ்ரில் முடிகிறது. மாலை 6.30-க்கு மஃரிப், அதிகாலை 4.54-க்கு ஃபஜ்ர் என்று வையுங்கள். இரவு 10 மணி 24 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு 3 மணி 28 நிமிடம். 4.54-லிருந்து அதைக் கழித்தால் 1.26. அந்த 1.26 முதல் 4.54 வரை எந்த நிமிடமும் கடைசிப் பங்குதான். 4.15-க்கு எழுந்தாலும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். 2 மணிக்கே எழ வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே போட்டுக்கொண்ட சட்டம். தாவூத் (அலை) அவர்களின் முறை இன்னும் நுட்பமானது: பாதி இரவு தூக்கம், மூன்றில் ஒரு பங்கு தொழுகை, கடைசி ஆறில் ஒரு பங்கு மறுபடி தூக்கம். அதே கணக்கில் 11.42 வரை தூக்கம், 3.10 வரை நிற்றல், 4.54 வரை ஓய்வு. அந்தக் கடைசித் தூக்கம் ஃபஜ்ருக்குத் தெம்போடு நிற்க உதவும். பருவத்துக்குப் பருவம் இரவின் நீளம் மாறுவதால் 15 நாளைக்கு ஒருமுறை இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னொன்று, தஹஜ்ஜுத் முடியும் நேரம் பாங்கு இல்லை, வைகறை. பாங்கு சில இடங்களில் வைகறைக்குச் சில நிமிடம் பின்னால்தான் சொல்லப்படும். ஸஹர் (நோன்புக்கு முன் உண்ணும் நேரம்) முடியும் நேரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்து தொழுவதற்குத்தான் தஹஜ்ஜுத் என்று பெயர். தூங்காமல் தொழுதால் அது கியாமுல் லைல், அதற்கும் நன்மை உண்டு, படுக்கப் போகும் முன் இரண்டு ரக்அத் தொழுதாலே அந்தக் கணக்கில் வரும்.

முறை எளிது. சுருக்கமான இரண்டு ரக்அத்தோடு ஆரம்பம். பிறகு இரண்டிரண்டாக, ஒவ்வொரு இரண்டுக்கும் ஸலாம். வைகறை நெருங்குகிறது என்றால் வித்ரு. ஆயிஷா (ரலி) சொன்ன கணக்கில் நபி (ஸல்) அவர்கள் பெரும்பாலும் வித்ரோடு சேர்த்து 11 ரக்அத்துக்கு மேல் தொழவில்லை. வித்ரில் நான் செய்த தவறு, இஷாவோடு வித்ரு தொழுதுவிட்டு, இரவு எழுந்து தஹஜ்ஜுதின் முடிவில் மறுபடியும் வித்ரு தொழுதது. ஒரே இரவில் இரண்டு வித்ரு கிடையாது. இஷாவோடு தொழுதுவிட்டால் பிறகு எழுந்தாலும் இரண்டிரண்டாகத் தொழுதுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். எழுவோம் என்ற நம்பிக்கை இல்லாதவர் இரவின் ஆரம்பத்திலேயே வித்ரு தொழட்டும், நம்பிக்கை உள்ளவர் கடைசிக்கு வைக்கட்டும் என்று ஹதீஸே பிரித்துச் சொல்கிறது. இதில் மனதைப் பார்க்காதீர்கள், போன வாரம் எத்தனை நாள் எழுந்தீர்கள் என்று பாருங்கள். ஏழில் மூன்று நாள்தான் என்றால் இஷாவோடு தொழுதுவிட்டுப் படுங்கள். ஹனஃபியில் வித்ரு வாஜிப் (விடக்கூடாதது), மூன்றும் ஒரே ஸலாமில், தவறினால் கழா செய்தாக வேண்டும். ஷாஃபிஈயில் அது சுன்னத், இரண்டு தொழுது ஸலாம் கொடுத்து ஒன்று தனியாகத் தொழுவது வழக்கம்.

ஐவேளைத் தொழுகையோடு ஒட்டிய சுன்னத்துகளை நான் அலட்சியப்படுத்தினேன். தஹஜ்ஜுத் தொழுகிறவனுக்கு ளுஹருக்குப் பின் இரண்டு ரக்அத் என்ன பெரிய விஷயம் என்ற எண்ணம். வரிசை நேர் எதிர். ஒரு நாளுக்குப் பன்னிரண்டு ரக்அத் தொழுதால் சொர்க்கத்தில் ஒரு வீடு என்று உம்மு ஹபீபா (ரலி) அறிவிப்பதில் வரும் பன்னிரண்டு இவைதான்: ஃபஜ்ருக்கு முன் 2, ளுஹருக்கு முன் 4, பின் 2, மஃரிபுக்குப் பின் 2, இஷாவுக்குப் பின் 2. ளுஹருக்கு முன் 2 என்று கணக்கிட்டுப் பத்து என்பது ஷாஃபிஈகளின் வலியுறுத்தப்பட்ட அளவு. மொத்தமாகப் பார்த்தால் அரை மணி நேரம் பிடிக்காது. ஃபஜ்ர் சுன்னத்தைச் சுருக்கமாகத் தொழ வேண்டும். முதல் ரக்அத்தில் காஃபிரூன், இரண்டாவதில் இக்லாஸ். நான் அதில் நீண்ட சூரா ஓதி ஜமாஅத்தின் முதல் ரக்அத்தை விட்டிருக்கிறேன். ஹனஃபி முறையில் ளுஹர் முன் சுன்னத் நான்கையும் ஒரே ஸலாமில் தொழும்போது இரண்டு இடத்தில் தவறு வரும். பர்ளு ஞாபகத்தில் மூன்றாம், நான்காம் ரக்அத்தில் ஃபாத்திஹாவோடு நிறுத்திவிடுவோம். சுன்னத்தில் நான்கிலும் சூரா உண்டு, மறந்தால் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸஜ்தா). நடு இருப்பில் அத்தஹிய்யாத்தோடு எழ வேண்டும், ஸலவாத் ஓதக்கூடாது. ஆனால் அஸர் முன் சுன்னத் நான்கில் நடு இருப்பிலேயே ஸலவாத்தும் துஆவும் ஓதி, மூன்றாவதை ஸனா என்ற தொடக்கத் துதியோடு ஆரம்பிப்பார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உள்ளே வேறு.

இகாமத் (ஜமாஅத் ஆரம்பிக்கும் அறிவிப்பு) சொல்லிவிட்டால் பர்ளைத் தவிர வேறு தொழுகை இல்லை. சுன்னத்தில் இருக்கும்போது இகாமத் கேட்டால் அவசரத்தில் ஸலாம்கூடக் கொடுக்காமல் ஓடியிருக்கிறேன். ஹனஃபியில் ஆரம்பித்த நஃபிலை முறித்தால் அதைத் திரும்பத் தொழும் கடமை வந்துவிடும். அதனால் இரண்டாவது ரக்அத்தை முடித்து ஸலாம் கொடுத்துச் சேர வேண்டும். ஷாஃபிஈயில் ஜமாஅத் தவறிவிடும் என்றால் முறிக்கலாம். ஃபஜ்ர் சுன்னத்துக்கு மட்டும் ஹனஃபிகள், ஜமாஅத் கிடைத்துவிடும் என்றால் ஸஃப்பை (தொழுகை வரிசையை) விட்டு ஒதுங்கித் தொழ இடம் தருகிறார்கள். தவறிவிட்டால் ஷாஃபிஈகள் பர்ளு முடிந்ததும் தொழுவார்கள், ஹனஃபிகள் சூரியன் உயர்ந்த பிறகு. ளுஹர் முன் சுன்னத் தவறினால் பர்ளுக்குப் பின் தொழுதுகொள்ளலாம். பள்ளிக்குள் நுழைந்து நேராக முன் சுன்னத் தொழுதாலே காணிக்கைத் தொழுகையும் அதில் அடங்கிவிடும், இரண்டையும் தனித்தனியாகத் தொழுது நேரத்தை இழுக்க வேண்டாம்.

லுஹாவும் இஷ்ராக்கும் தனித்தனி என்று நினைத்து இரண்டுக்கும் ஓடாதீர்கள். லுஹா நேரத்தின் தொடக்கத்தில் தொழுவதையே பல அறிஞர்கள் இஷ்ராக் என்கிறார்கள். நேரம் சூரியன் உயர்ந்ததிலிருந்து உச்சிக்கு முன் வரை. சிறந்தது வெயில் ஏறிய பிறகு, ஒட்டகக் குட்டிகளின் குளம்பு சுடும் நேரம் என்று ஹதீஸ். பகலில் கால் பங்கு கழிந்த பிறகு என்பது ஃபிக்ஹ் கணக்கு, மேலே சொன்ன நாளில் அது 9.15. குறைந்தது இரண்டு ரக்அத். மக்கா வெற்றியின் நாளில் உம்மு ஹானீ (ரலி) வீட்டில் நபி (ஸல்) அவர்கள் தொழுதது எட்டு. ஒட்டகக் குட்டிகளைச் சொன்ன அந்த ஹதீஸில்தான் லுஹாவுக்கு அவ்வாபீன் என்ற பெயர் வருகிறது. மஃரிபுக்குப் பின் தொழும் ஆறு ரக்அத்துக்கும் அதே பெயரைச் சொல்வதால் கேட்பவர் குழம்புகிறார்.

கடைசியாக, எனக்கு அதிகம் வலித்த விஷயம். பருவ வயதுக்குப் பின் விட்ட பர்ளுகள் என் கணக்கில் வருடக்கணக்கில் கிடந்தன. அவற்றைத் தொடாமல் நான் நஃபிலில் நின்றேன். காரணமில்லாமல் பர்ளை விட்டவர் கழாவை முடிக்காமல் நஃபிலில் ஈடுபடவே கூடாது என்பது ஷாஃபிஈ அறிஞர்கள் சொல்வது. ஹனஃபிகள் ஐவேளை சுன்னத்துகளை விட வேண்டாம், மற்ற நஃபில் நேரத்தைக் கழாவுக்குக் கொடுங்கள் என்கிறார்கள். ஒரு நாள் கழா 17 ரக்அத், வித்ரையும் சேர்க்கும் ஹனஃபிக்கு 20. ஒவ்வொரு வேளையோடும் அதே வேளையின் ஒரு கழா என்று வைத்தால் ஒரு நாளில் ஒரு நாள் தீரும். நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், எண்ணிக்கை கையை விட்டுப் போனால் திரும்பப் பிடிப்பது கஷ்டம்.

இப்போது அலாரம் ஃபஜ்ருக்கு 40 நிமிடம் முன்பு. ஒளுவுக்கும் பல் துலக்கவும் 7, 8 நிமிடம். பெரும்பாலான நாளில் அந்த நேரம் ஒரு நாள் கழாவுக்கே சரியாகிறது, கழா தீர்ந்தால் அதே இடத்தில் தஹஜ்ஜுத் வந்து உட்காரும். பயணத்தில் நஃபிலை வண்டியில் உட்கார்ந்தபடி, வண்டி போகும் திசையிலேயே தொழலாம். ருகூவுக்குக் கொஞ்சம் குனிந்து, ஸஜ்தாவுக்கு அதைவிடத் தாழ்வாக. அந்த நாட்களில் ஃபஜ்ர் சுன்னத்தும் வித்ரும் மட்டும் விடுவதில்லை. இரவுத் தொழுகை தூக்கத்தாலோ நோயாலோ தவறினால் நபி (ஸல்) அவர்கள் பகலில் 12 ரக்அத் தொழுதிருக்கிறார்கள். வழக்கமாக வித்ரோடு 11 தொழுகிறவர், ஒற்றைப்படையை இரட்டையாக்கி 12. மூன்று வித்ரு மட்டும் தொழுகிறவருக்கு அது நான்கு. ஹனஃபிக்கு மேலே சொன்னபடி வித்ரின் கழாதான். ஃபஜ்ருக்கும் ளுஹருக்கும் இடையில், உதயத்திலிருந்து 20 நிமிடம் விட்டு.